ரிச்சர்ட்ஸ் டவுனில் புஷ்பத்துக்கு ஒரு வீடு

பிப்ரவரி 2, 1958. ஞாயிறு.

காலையில் நல்ல குளிர். அல்சூர் ஏரிப் பக்கம் ஒன்றும் தெரியாத பனி. குழாய்த் தண்ணீர் இன்று எங்கள் முறை. அதற்குள் வீட்டுக்கார அம்மாள் தன் துணிகளை ஊறப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். சண்டை போட நேரமில்லை. ஆராதனைக்கு ஓட்டம்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் புஷ்பம் பிடித்துக்கொண்டாள். என் வீட்டுக்காரரின் தம்பி ஜெயராஜின் மனைவி. கல்யாணமாகி வந்து ஐந்து வருஷம் எங்களோடு இதே அல்சூர் வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்தவள். பேம்பூ பஜாரில் ஜெயராஜின் மரக்கடை பெருத்ததும் தனிக்குடித்தனம் போனாள். இன்று காஞ்சிபுரம் பட்டு. சாதாரண ஞாயிற்றுக்கு.

வீடு வாங்கப் போகிறார்களாம். ரிச்சர்ட்ஸ் டவுனில்.

"நீங்களும் கூட வரணும்க்கா. துரைசானிங்ககிட்ட இங்கிலீஷ்ல பேச எனக்கு எங்க வருது? வீடு பாக்கவும் உங்களுக்குத்தான் தெரியும்."

தெரியும்தான். பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறாமல் ரிச்சர்ட்ஸ் டவுன் பார்க்கைச் சுற்றி நடந்து வருவது என் பழக்கம். எந்த வீட்டு ஓடு போன வருஷம் மாற்றினார்கள், எந்த வீட்டு போர்டிகோவில் விரிசல், எந்த வீட்டில் பிள்ளைகள் கப்பலேறிப் போய் ஜன்னல்கள் மூடியே கிடக்கின்றன, எல்லாம் மனப்பாடம். வாங்குவதற்காக இல்லை. பார்ப்பதற்குக் காசு கேட்பதில்லை, அதனால்.

சரி வருகிறேன் என்றேன், சிரித்துக்கொண்டே. வரும் வழியெல்லாம் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடித் திறந்து மூடி, கடைசியில் அது கையோடு வந்துவிட்டது.

பிப்ரவரி 5. புதன்.

ஆறாம் வகுப்பு கட்டுரை நோட்டுகள் பாக்கி. மகள் சுகுணாவுக்கு இருமல், கற்பூரவல்லிச் சாறு கொடுத்தேன், துப்பிவிட்டாள். பத்து வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு பிடிவாதம்.

மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் தரகர் பாஷா பாய். புஷ்பம் அனுப்பியிருக்கிறாள். நின்ற நிலையில் ஒரு பாடமே நடத்தினார்:

புதுசாகச் சுண்ணாம்பு அடித்த சுவரை நம்பக் கூடாது.
கூரையைப் பார்க்க மேலே ஏற வேண்டாம், மூலையில் பழுப்புக் கறை இருக்கிறதா பார்த்தால் போதும்.
விற்கிறவர் எதிரில் வீட்டைப் புகழக் கூடாது.
பட்டுப் புடவை, நகை கூடாது. பார்த்ததுமே விலை ஏறும்.

"காக்ஸ் டவுன்ல காத்து இருக்கு, கௌரவம் இல்ல. ஃப்ரேசர் டவுன்ல கடைகண்ணி இருக்கு, அமைதி இல்ல. ரிச்சர்ட்ஸ் டவுன்ல எல்லாம் இருக்கு டீச்சரம்மா, வீடு மட்டும் கிடைக்காது. இது கிடைச்சிருக்கு. விட்டுடாதீங்க."

என்னிடம் சொல்கிறார், நான் விட்டுவிடக் கூடாது என்று.

சொந்தக்காரி மிஸஸ் ஹாரிஸ். ஆங்கிலோ இந்தியன், விதவை. மகன் ஆஸ்திரேலியாவில் இருப்பதால் அங்கேயே போகிறாள். தரகர்களைக் கண்டால் ஆகாதாம். அவர் கேட்டோடு நின்றுகொள்வார், உள்ளே நாங்கள்தான் பேச வேண்டும்.

எந்த வீடு என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பிப்ரவரி 8. சனி.

அந்த வீடுதான்.

பார்க்குக்கு எதிர் மூலை. ஜன்னல்களுக்கு மேலே மரச்சட்டக் கூம்பு, சிவப்பு ஓடு, கேட்டிலிருந்து வாசல் வரை இரண்டு பக்கமும் வெள்ளை அடித்த கல். பின்பக்கம் பெரிய பட்டர் ஃப்ரூட் மரம். அந்தத் தெருவில் எத்தனையோ வீடு விற்பனைக்கு வந்துபோயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் இதுவாக இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொள்வேன். யார் வாங்கினாலும் இதை வாங்காதிருந்தால் போதும்.

பாய் சொன்னபடி புஷ்பம் சாயம் போன நூல் புடவையில் வந்தாள். கழுத்தில் மெல்லிய சங்கிலி மட்டும். நான் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குக் கட்டுகிற மைசூர் சில்க். அவர் சொன்னது எனக்கில்லையே, வாங்குகிறவளுக்குத்தான்.

கதவைத் திறந்த மிஸஸ் ஹாரிஸ் என்னைப் பார்த்துக் கை நீட்டினாள். வருகிறவர்கள் பற்றி யாரோ சொன்னார்கள், ஒரு டீச்சர் என்று தெரிந்ததில் சந்தோஷம் என்றாள். எனக்கு நாற்காலி. புஷ்பத்தைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். துணைக்கு வந்த வேலைக்காரி என்று நினைத்துவிட்டாள்.

நான் திருத்தவில்லை.

முதலில் வாய்ப்பு வரவில்லை, அவள் நிறுத்தாமல் பேசினாள். அப்புறம் வாய்ப்பு வந்தது. அப்போதும் திருத்தவில்லை. எல்லா அறையையும் காட்டினாள். அலமாரிகளைத் திறந்து பார்த்தேன். மூலைகளில் பழுப்புக் கறை தேடினேன், இல்லை. குளியலறையில் நாலு கால் வைத்த இரும்புத் தொட்டி. சமையலறையை ஒட்டிச் சாமான் அறை; ஒரு வருஷத்து அரிசியை வைக்கலாம். மேஜையை எங்கே போடுவாய் என்று கேட்டாள். கொஞ்சமும் யோசிக்காமல் கிழக்கு ஜன்னலைக் காட்டினேன். மகளுக்கு எந்த அறை? மரம் தெரிகிற பக்கத்து அறை என்றேன். எத்தனை வருஷமாக வெளியிலிருந்து யோசித்து வைத்தது, பதில்கள் தயாராக இருந்தன.

பின்னாலேயே புஷ்பம் வந்துகொண்டிருந்தாள். என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு. எப்போது அவளிடம் கொடுத்தேன் என்று ஞாபகமில்லை.

வெளியே வந்ததும், "வெயில் ஏறிடுச்சு, ஜட்கா புடிச்சுப் போயிடலாம்க்கா" என்றாள், அவ்வளவுதான்.

பிப்ரவரி 9. ஞாயிறு.

என் வீட்டுக்காரரிடம் அந்த வீட்டைப் பற்றிச் சொன்னேன். நாற்காலி விஷயம் சொல்லவில்லை.

கேட்டுவிட்டு, நாமும் ஜெயநகரில் சர்க்கார் கொடுக்கிற வீட்டுமனை சைட் ஒன்றுக்கு மனுப் போட்டால் என்ன என்றார். ஊருக்குத் தெற்கே, லால்பாக்கும் தாண்டி. போன வருஷம் யாருடைய புதுமனைப் பிரவேசத்துக்கோ போய் வந்தோமே, சாயங்காலமே நரி ஊளையிட்டது. ராகிக் கொல்லைக்கு நடுவில் கல் நட்டு அதற்கு பிளாக் நம்பர் கொடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து கன்டோன்மென்ட் பள்ளிக்கூடத்துக்கு எப்படி வருவது? இரண்டு பஸ்.

"ரோடு வரும். பஸ்ஸும் வரும்" என்றார்.

"நம்ம ஆயுசுக்குள்ள வருமா?"

அவர் பேப்பரை எடுத்துக்கொண்டார். நான் போய் மீன் கழுவினேன். தம்பி பட்டர் ஃப்ரூட் மரத்தோடு வீடு வாங்குகிறான், அண்ணன் நரியோடு வாங்கித் தருகிறேன் என்கிறார்.

பிப்ரவரி 12. புதன்.

புஷ்பம் வந்தாள். கையில் மலை வாழைப்பழம் ஒரு சீப்பு. அரை மணி நேரம் சுகுணாவின் இருமலைப் பற்றிப் பேசினாள். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"அந்தம்மா உங்களுக்குத்தான் வீடுன்னு நெனச்சுட்டாங்க. அவ்ளோ இங்கிலீஷ் எனக்கும் புரியும்க்கா."

எனக்குக் காது சுட்டது. கோபித்துக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். இல்லை. பாய் மறுபடி போய் கேட்டோடு நின்றபடியே விலை விசாரித்தாராம். போன மாதம் ஒரு வியாபாரி கேட்டபோது சொன்ன விலையைவிட மிஸஸ் ஹாரிஸ் நன்றாகவே குறைத்துச் சொல்லியிருக்கிறாள். டீச்சர் குடும்பம், வீட்டை வீடாக வைத்துக்கொள்ளும் என்று.

"அதனால அது அப்படியே இருக்கட்டும்க்கா. இன்னொரு தடவ வந்து பேசி முடிச்சுக் குடுத்துடுங்க. கையெழுத்தப்ப பாத்துக்கலாம்."

என்ன கெட்டிக்காரி. ஒரு மணி நேரம் அந்த வீட்டில் நான் மகாராணியாக இருந்தது இவளுக்கு விலைக் குறைப்பு. எங்களோடு இருந்த ஐந்து வருஷமும் பால் கணக்கைக்கூட என்னைக் கேட்டுத்தான் போட்டாள்.

பழம் நன்றாகப் பழுத்திருந்தது. நான் தொடவில்லை.

பிப்ரவரி 15. சனி.

ஜெயராஜ் வீட்டில் சாப்பாடு. ஆம்பூர் பிரியாணி, கத்திரிக்காய் தொக்கு. அவர் இரண்டு முறை போட்டுக்கொண்டார்.

சாப்பிட்டதும் ஜெயராஜ் ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினான். முன்வீடு அவர்களுக்கு. பின்னால் இருக்கிற இடம் வீண். மரத்தை எடுத்துவிட்டு நாலு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடலாம். கன்டோன்மென்டில் குடித்தனக்காரருக்கா பஞ்சம்?

பிறகு என் பக்கம் திரும்பினான். "அண்ணி, மொத போர்ஷன் உங்களுக்குத்தான். வாடக குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி. அல்சூர்ல எத்தன நாளைக்கு அந்தக் கொழாயடிச் சண்ட?"

நல்ல மனசோடுதான் சொன்னான். அதுதான் பொறுக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், பிரகாசமாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும் தூரம் என்று என்னிடமே சொல்கிறார்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் குடியிருப்பேன். மூலை வீட்டில். பின்பக்கக் கதவு வழியாகப் போய் வந்துகொண்டு.

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன். கழுவிக்கொண்டே இருந்தேன். புஷ்பம் துண்டோடு பின்னால் நின்றிருந்தாள்.

பிப்ரவரி 16. ஞாயிறு.

பிரசங்கம், பிறனுடைய வீட்டை இச்சியாதிருப்பாயாக என்கிற கட்டளையைப் பற்றி. ஆயர் மூன்றாவது பெஞ்சையே பார்த்துப் பேசுவது போல இருந்தது. மூன்றாவது பெஞ்சில் நான்.

பிப்ரவரி 18. செவ்வாய்.

தலைவலி என்று சொல்லி அரை நாள் லீவு. நேரே மிஸஸ் ஹாரிஸ் வீடு.

பீங்கான் கோப்பைகளைப் பழைய பேப்பரில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சந்தோஷமாக எழுந்து வந்தாள். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன்: வாங்குவது நான் இல்லை, அன்று என்னோடு வந்தவள். மரக்கடைக்காரர் மனைவி. நான் பேச வந்தவள் மட்டும். பின்னால் இருக்கிற மரம் நிற்காது, நாலு போர்ஷன் வரும்.

மரத்துக்காகத்தான் வந்தேன் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். பொய் சொன்னது உறுத்துகிறது என்றும். இரண்டும் ஓரளவு நிஜம். ஓரளவுதான்.

அவள் கையிலிருந்த கோப்பையைச் சுற்றி முடித்து வைத்தாள். அவசரமே இல்லை. பிறகு ஒரு கேள்வி கேட்டாள். அவர்களுக்கு இந்த வீடு கிடைக்கக் கூடாது என்று நினைக்கிறாயா?

பெட்டியில் அடுக்கியிருந்த கோப்பைகளை எண்ணிக்கொண்டு நின்றேன்.

மார்ச் கடைசியில் கப்பல், புது ஆளைத் தேட நேரமில்லை என்றாள். அந்த அம்மாளுக்கே விற்கிறேன், ஆனால் முதலில் சொன்ன விலைக்குத்தான், குறைத்ததெல்லாம் ஒரு டீச்சருக்காக என்றாள். வாசல் வரை வந்தாள். கை கொடுக்கவில்லை. கிழக்கு ஜன்னல் பக்கம் மேஜை போட்டிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று மட்டும் சொன்னாள்.

ஆக, என்னால் எதுவும் நிற்கவில்லை. விலைதான் ஏறியது. பார்க் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தலைவலி நிஜமாகவே வந்துவிட்டது.

பிப்ரவரி 22. சனி.

வெயில் ஆரம்பித்துவிட்டது. அரிசி வடாம் பிழியலாம்.

பதினோரு மணிக்கு புஷ்பம். தனியாக. செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"நீங்கதான் போய்ச் சொன்னீங்க, இல்லக்கா?"

"ஆமா."

ஜெயராஜ் பாயைத்தான் சந்தேகப்படுகிறானாம். கடையில் கூப்பிட்டு வைத்துக் கண்டபடி பேசியிருக்கிறான். என்னைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை, திறக்கவும் மாட்டாளாம். ஆனால் பாவம் அந்த பாய், அவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடப் போவதாகச் சொன்னாள். சரி என்றேன். வேறென்ன சொல்ல?

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "பின் போர்ஷன் உங்களுக்குன்னு சொல்லச் சொன்னது அவரில்ல. நான்தான். அவர் கடையிலேருந்து வர எந்நேரமாகுமோ. அவ்ளோ பெரிய வீட்ல நான் யார்கூடப் பேசறது?" என்றாள்.

"குடித்தனக்காரியா நான் வர மாட்டேன் புஷ்பம்."

"உங்க வீட்ல நான் அஞ்சு வருஷம் என்னவா இருந்தேன்க்கா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டாள். சாமான் அறைச் சாவி அந்த ஐந்து வருஷமும் என் இடுப்பில்தான் இருந்தது.

வடாம் மாவைக் கிண்டிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

மார்ச் 9. ஞாயிறு.

போன வாரம் ரிஜிஸ்ட்ரேஷன் முடிந்தது. இவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டு வந்தார். முழு விலை. ஜெயராஜ் வருத்தப்பட்டதாகவே தெரியவில்லையாம்.

பின் போர்ஷன் வேண்டாம் என்று நான் சொன்னதிலிருந்து அவர் சரியாகப் பேசுவதில்லை. இன்று ஜெயநகர் சைட்டுக்கு மனுவை நீட்டினார். என் பெயரில். "ஒனக்குத்தான் உத்தியோகம் நிரந்தரம். எங்க கம்பெனி அடுத்த வருஷம் இருக்குமோ என்னமோ." சண்டைக்கு வலு இல்லை. நரிகளுக்காகக் கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 12. சனி.

ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுப் பிரதிஷ்டை ஜெபம். நேற்று சாயங்காலம் ஒரு மழை. சாலையெல்லாம் தூங்குமூஞ்சிப் பூ. எனக்குப் போக மனமில்லை, போனேன்.

மரம் இன்னும் நிற்கிறது. மழைக்காலம் முடியட்டும் என்று புஷ்பம் தள்ளிப்போட்டிருக்கிறாள்.

பாட்டுக்கு நடுவில் பின்னாலிருந்து கேட்டவை: "திரைச்சீலை தைக்கவே ஒரு கடைத் துணி ஆகும்." "பேம்பூ பஜார்ல இவ்ளோ வருதா?" "அண்ணன்காரன் மொகத்தப் பாரு." நல்லவேளை, அண்ணிக்காரியின் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

கிழக்கு ஜன்னல் பக்கம் ஒரு பெரிய ரேடியோ. அதன் மேல் பிளாஸ்டிக் பூ.

மிட்டாய் கொடுக்கும்போது யாரோ கேட்டார்கள், நீங்கள் பின்னால் குடிவரப் போகிறீர்களாமே? இல்லை என்றேன். புஷ்பம் தட்டோடு பக்கத்தில்தான் இருந்தாள். காதில் விழாதது போல அடுத்தவரிடம் போனாள்.

ஏப்ரல் 27. ஞாயிறு.

சைட் கிடைத்துவிட்டது. எல்லோருக்கும் இவ்வளவு சீக்கிரம் கிடைப்பதில்லையாம். அவர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறார்.

பார்க்கப் போக ஜெயராஜ் காரைக் கொடுத்தான். கூடவே புஷ்பமும் வந்தாள். லால்பாக் தாண்டியதும் தார் ரோடு முடிந்தது. அப்புறம் செம்மண். எவ்வளவு தூரம்! அறுத்த ராகிக் கட்டைகள் செருப்பில் குத்தின. நாலு கல். நடுவில் ஒன்றுமில்லை. பக்கத்து நிலத்துக் கிழவர் வந்து, தோண்டினால் தண்ணீர் கிடைக்கும் என்றார். "நீரு சிஹி அம்மா, சிஹி." தித்திப்பான தண்ணீராம். அவரும் சுகுணாவும் கிணறு பார்க்கக் கிழவரோடு போனார்கள்.

எனக்கு அழுகை வந்தது. இதற்காகவா?

புஷ்பம் பக்கத்தில் வந்தாள். "யார் பேர்லக்கா?"

"என் பேர்ல."

"மாமா பேரும் சேத்தா?"

"இல்ல. என் பேர் மட்டும்."

ஒரு ராகிக் கட்டையைச் செருப்பால் மிதித்து மடக்கினாள். பிறகு அவளாகவே சொன்னாள். ரிஜிஸ்ட்ரேஷன் அன்று நல்ல புடவை கட்டி, நகையெல்லாம் போட்டுக்கொண்டு போனாளாம். வாசலில் கார் நின்றதும், நீ உள்ளே வர வேண்டியதில்லை, காரிலேயே இரு என்றானாம் ஜெயராஜ். வீடு அவன் பெயரிலும் கடைக் கூட்டாளி பெயரிலும். கடையை வைத்துத்தானே பணம் புரட்டியது. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் இதை என்னிடம் சொல்லவே இல்லை. அவர்கள் திரும்பி வரும்வரை காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாளாம். எதற்கு ஏற்றினேன் தெரியவில்லைக்கா என்றாள்.

அப்புறம் புடவைக் கரை மண்ணில் இழுபட நாலு கல்லையும் சுற்றி நடந்து வந்தாள். மூலைக் கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். எத்தனை வருஷமாக வைத்திருந்தேன்.

எழுதிவிடுகிறேன், வேறு யார் படிக்கப் போகிறார்கள்: சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் அதிகம்.

சமையலறை எங்கே வரும் என்று கேட்டாள். காட்டினேன். கூடம் எங்கே? காட்டினேன். அவ்வளவு நேரம் கண்ணுக்கே தெரியாத வீடு, அவள் கேட்கக் கேட்க வந்துகொண்டே இருந்தது. வாசற்படி, கிணற்றடி, சுகுணாவின் அறை. அந்தக் கிழக்கு மூலையில் என்ன என்றாள்.

அது உனக்கு, வந்தால் தங்க, என்று சொல்ல வாய் வரை வந்தது.

சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.